அழையாமல் வரும் மின்னஞ்சலின் வரலாறு: செலவு யாருடைய கணக்கில்?

காலையில் போனைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வேண்டியவர்களின் செய்தி அல்ல. நாம் கேட்காத கடன், நாம் போகாத கடையின் கழிவு விற்பனை, பெயரே கேள்விப்படாத கொம்பனியின் வாழ்த்து. விரலால் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். சின்னத் தொல்லைதானே என்ற நினைப்பு.

இந்தச் சின்னத் தொல்லைக்கு ஏறக்குறைய ஐம்பது வருட வரலாறு இருக்கிறது. நாள், மாதம், வருடம் எல்லாம் சொல்லக்கூடிய வரலாறு. அதை வாசித்துப் பார்த்தால், வேறு வேறு ஆட்களும் வேறு வேறு நாடுகளும் வந்து போனாலும் சண்டை எல்லாம் ஒரே இடத்தில்தான் நடந்திருக்கிறது: லாபம் அனுப்புகிறவருக்கு, செலவு யாருக்கு? வகுப்பில் பிள்ளைகளுக்கு ‘ஸ்பேம் என்றால் தேவையற்ற மின்னஞ்சல்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஒரு பாடவேளைக்குள் அவ்வளவுதான் முடியும். இங்கே மணி அடிக்கப் போவதில்லை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பெரிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவர்களுக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

முதலில் தபாலை நினைத்துப் பாருங்கள். ஒரு வியாபாரி உங்களுக்கு விளம்பரக் கடிதம் அனுப்ப வேண்டுமென்றால் கடதாசி வாங்க வேண்டும், அச்சடிக்க வேண்டும், உறை ஒட்டி முத்திரை ஒட்ட வேண்டும். ஆயிரம் பேருக்கு அனுப்ப ஆயிரம் முத்திரை. ஆகவே யாருக்கு அனுப்பினால் வியாபாரம் நடக்கும் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார். நம்மைக் காப்பாற்றியது வியாபாரியின் நல்ல மனசு அல்ல, அந்த முத்திரைதான். மின்னஞ்சலில் முத்திரை இல்லை. ஒருவருக்கு அனுப்புவதற்கும் ஒரு இலட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் அனுப்புகிறவரின் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த ஒரு இலட்சம் பேரும் தனித்தனியாக அதை இறக்கி, பார்த்து, அழிக்க வேண்டும்.

இந்த ஓட்டையை முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் ஜோன் போஸ்டல். இன்டர்நெட்டின் அடிப்படை விதிகள் பலவற்றை எழுதிய அமெரிக்கர். 1975 நவம்பரில், குப்பைத் தபால் பிரச்சினை பற்றி ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். இன்டர்நெட்டின் தாய் என்று சொல்லத்தக்க ஆர்பாநெட் வலையமைப்பில், வேண்டாத செய்தியை ஒரு கணினி வாங்க மறுப்பதற்கு வழியே இல்லை என்பதுதான் அதன் சாரம். வருவதை எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டும். வீட்டைக் கட்டிய ஆளே கதவு வைக்க மறந்துவிட்டோம் என்று சொன்னது போல. அப்போது அந்த வலையமைப்பில் ஆராய்ச்சியாளர்களும் இராணுவத்துடன் வேலை செய்பவர்களும் மட்டுமே இருந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். யாரும் அவசரப்படவில்லை.

மூன்று வருடம்கூட ஆகவில்லை. 1978 மே 3. டிஜிட்டல் எக்விப்மென்ட் கோப்பரேஷன், சுருக்கமாக டெக், அமெரிக்காவின் பெரிய கணினிக் கொம்பனிகளில் ஒன்று. அதன் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க் என்பவர், டெக்சிஸ்டம் 20 என்ற புதிய கணினியைக் கலிபோர்னியாவில் செய்து காட்ட ஏற்பாடு செய்திருந்தார். அழைப்பை எப்படி அனுப்புவது? ஆர்பாநெட் பாவனையாளர்களின் முகவரிகள் ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டிருந்தன. அதில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த சுமார் 400 பேரைப் பொறுக்கி எடுத்து, ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். முழுக்கப் பெரிய எழுத்துகளில். முகவரிகள் அவற்றுக்குரிய இடத்தில் அடங்காமல் வழிந்து செய்தியின் உள்ளேயே போய் விழுந்தன. அழைப்பைத் திறந்தவர்கள் முதலில் பார்த்தது பக்கம் பக்கமாக மற்றவர்களின் முகவரிகளைத்தான்.

வலையமைப்பைப் பராமரித்த பாதுகாப்புத் தொடர்பாடல் முகவரகம் கடுமையான எச்சரிக்கை அனுப்பியது. இது அரச வேலைக்கான வலையமைப்பு, வியாபாரத்துக்கு அல்ல என்றது. பாவனையாளர்களிடையே விவாதம் நடந்தது. அதில் ஒரு சின்னச் சம்பவம் நமக்கு மிகவும் பிடித்தது. பிற்காலத்தில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிப் புகழ்பெற்ற ரிச்சர்ட் ஸ்டோல்மன் அப்போது இளைஞர். அந்தச் செய்தி அவருக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்ற தோரணையில் எழுதினார். யாரோ அவருக்கு அந்தச் செய்தியின் பிரதியை அனுப்பி வைத்தார்கள். அந்த நீண்ட முகவரிப் பட்டியலைப் பார்த்ததும், எதைப் பற்றியதாக இருந்தாலும் இவ்வளவு நீளத் தலைப்புடன் யாரும் அனுப்பக் கூடாது என்று மாற்றி எழுதினார். அடுத்தவர் வீட்டுக்குப் போகிற தொல்லை கருத்துச் சுதந்திரம், நம் வீட்டுக்கு வந்தால் தொல்லை. இன்றைக்கும் அப்படித்தானே?

துர்க் வெட்கப்படவில்லை. அந்த அழைப்பால் கோடிக்கணக்கான டொலர் பெறுமதியான கணினிகள் விற்றன என்று பிற்காலத்தில் பேட்டிகளில் பெருமையாகச் சொன்னார். திட்டு ஒரு நாள், வியாபாரம் ஒரு வருடம்.

‘ஸ்பேம்’ என்ற பெயர் அப்போது இல்லை. அது அமெரிக்காவில் ஹோர்மல் கொம்பனி 1937 இல் கொண்டு வந்த டின் பன்றி இறைச்சியின் பெயர். 1970 இல் பிரித்தானியாவின் மொன்டி பைதன் குழு தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டது. சாப்பாட்டுக் கடையில் எதைக் கேட்டாலும் ஸ்பேம் கலந்துதான் வரும், பக்கத்து மேசையில் இருப்பவர்கள் ஸ்பேம் ஸ்பேம் என்று பாடியே மற்றவர்களின் பேச்சைக் கேட்கவிடாமல் செய்வார்கள். கணினிப் பிள்ளைகள் அந்த நாடகத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் வாயில் வைக்காத சாமான் ஒன்றின் பெயர் நம் எல்லோர் வாயிலும் புழங்குவது இப்படித்தான்.

இனி 1980களின் கடைசிக்கு வருவோம், பெக்ஸ் மெஷினின் காலம். மின்னஞ்சல் கதையில் பெக்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். செலவு யாருடையது என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் சட்டம் நேரடியாகப் பதில் சொன்னது பெக்ஸ் விடயத்தில்தான். அந்த நாட்களில் பெக்ஸ் மெஷினுக்குள் போடும் சுருள் கடதாசி விலை கூடியது. அமெரிக்காவில் விளம்பரதாரர்கள் இரவு பகலாகக் கண்டவர்களுக்கு எல்லாம் விளம்பரத்தைப் பெக்ஸ் பண்ணினார்கள். காலையில் கடையைத் திறப்பவர், தன் காசில் வாங்கிய கடதாசி முழுவதும் அடுத்தவரின் விளம்பரமாகத் தரையில் கிடப்பதைக் கண்டார். போதாக்குறைக்கு, விளம்பரம் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் உண்மையான வாடிக்கையாளரின் பெக்ஸ் உள்ளே வர முடியாது. 1991 இல் அமெரிக்கப் பாராளுமன்றம் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கேட்காமல் விளம்பரப் பெக்ஸ் அனுப்புவது தடை. பெற்றவர் தானே வழக்குப் போடலாம், ஒவ்வொரு பெக்ஸுக்கும் 500 டொலர் கேட்கலாம். விளம்பரத்தின் செலவைப் பெறுகிறவரின் தலையில் கட்டாதே என்பதுதான் அதன் அடிப்படை.

சட்டம் சரி. ஆனால் அதில் எழுதியிருந்தது பெக்ஸ் என்றுதான். மின்னஞ்சல் என்று எழுதியிருக்கவில்லை.

1994 ஏப்ரல் 12. இந்தத் திகதிக்கும் நம் ஊர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லோரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்று கணவன் மனைவியாக இரண்டு சட்டத்தரணிகள். கிரீன் கார்ட் லொத்தர் பற்றிய விளம்பரம் ஒன்றை யூஸ்நெட்டில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே இரவில் போட்டார்கள். யூஸ்நெட் என்பது தலைப்புவாரியாகப் பிரிக்கப்பட்ட கலந்துரையாடல் குழுக்களின் தொகுதி. பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு, இயற்பியல் படிப்பவர்களுக்கு இன்னொரு குழு. எந்தக் குழுவைத் திறந்தாலும் கிரீன் கார்ட் விளம்பரம். அழித்துவிட்டு அடுத்ததைத் திறந்தால் அங்கேயும் அதுவே.

அந்த லொத்தரை நமக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் கொம்யூனிகேஷன் கடைகளில் படம் எடுத்து நிரப்பும் அதே டீவீ லொத்தர்தான். 1994 இல் அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. ஒரு சாதாரணக் கடதாசியில் விபரத்தை எழுதித் தபாலில் போட்டால் போதும். இந்த இருவரும் அதைச் செய்து கொடுக்க ஒருவருக்கு 95 டொலர் கேட்டார்கள். சட்டத்தரணி இல்லாமல் முடியாது என்று நினைத்த வெளிநாட்டு மக்கள் காசைக் கட்டினார்கள். ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சம்பாதித்ததாக அவர்களே பிறகு சொன்னார்கள். விளம்பரத்துக்கு ஆன செலவோ ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுதான்.

செலவு வேறு இடங்களில் விழுந்தது. கோபமான பதில்கள் குவிந்ததில் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் கணினிகள் திரும்பத் திரும்ப விழுந்தன. அதே நிறுவனத்தில் காசு கட்டி இணைப்பு வைத்திருந்த, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத மற்ற வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலும் நின்றது. அமெரிக்காவுக்கு வெளியே தொலைபேசி நிமிடக் கணக்கில் காசு கட்டி வாசித்தவர்கள், ஒரே விளம்பரத்தை மறுபடி மறுபடி இறக்கக் காசு கட்டினார்கள். கேன்டரும் சீகலும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதே வருடம், இன்டர்நெட்டில் செல்வந்தராவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் புத்தகம் போட்டார்கள். 1997 இல் டென்னசி மாநிலம் கேன்டரின் சட்டத்தரணி உரிமத்தைப் பறித்தது. அதற்குள் மற்றவர்கள் பாடத்தைப் படித்து முடித்திருந்தார்கள்.

(இடையில் ஒரு விடயம். டீவீ லொத்தரில் நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். தெரிவானவர்களுக்கு அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் வெற்றியை மின்னஞ்சலில் அறிவிப்பதில்லை. விண்ணப்பித்தபோது கிடைத்த இலக்கத்தை வைத்து அவர்களின் இணையத்தளத்தில் நாமே போய்ப் பார்க்க வேண்டும். 1994 இல் 95 டொலர் கேட்டது உண்மையான சட்டத்தரணிகள். இன்று கேட்பது யார் என்றே தெரியாது.)

அந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர் சன்போர்ட் வொலஸ். முதலில் பெக்ஸ் விளம்பரக்காரர். பெக்ஸுக்குத் தடை வந்த பிறகு மின்னஞ்சலுக்கு மாறி, சைபர் ப்ரமோஷன்ஸ் என்ற கொம்பனியின் பெயரில் இலட்சக்கணக்கான செய்திகளை அனுப்பினார். கொம்பியூசேர்வ் என்ற பெரிய இணைய நிறுவனம் அவர் மேல் வழக்குப் போட்டது. எனக்குப் பேச்சுச் சுதந்திரம் இருக்கிறது என்பது அவர் தரப்பு வாதம். 1997 இல் ஒஹையோவில் இருந்த நீதிபதி, அடுத்தவரின் அசையும் சொத்தில் அத்துமீறுவது பற்றிய பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கையைத் தூசு தட்டி எடுத்தார். மாட்டையும் வண்டியையும் பற்றிப் பேசிய சட்டம் கணினிக்குப் பொருந்தியது. கணினி கொம்பியூசேர்வின் சொத்து, அதன் இடத்தையும் வேகத்தையும் அனுமதியில்லாமல் பிடித்துக்கொள்வது அத்துமீறல். காசு கட்டிய நேரத்தில் குப்பையைப் பொறுக்க வேண்டியிருந்ததால் வாடிக்கையாளர்கள் முறைப்பட்டதும் விலகிப் போனதும் அந்தத் தீர்ப்பில் கணக்கில் எடுக்கப்பட்டது. பேச்சுச் சுதந்திரம் பற்றியும் அமெரிக்க உயர் நீதிமன்றம் 1970 இலேயே ஒரு தபால் வழக்கில் சொல்லிவிட்டிருந்தது: அனுப்புகிறவரின் உரிமை பெறுகிறவரின் வாசலோடு முடிகிறது, இனி அனுப்பாதே என்று சொல்ல வீட்டுக்காரருக்கு அதிகாரம் உண்டு.

வழக்கில் வென்றது நிறுவனம். சாதாரணப் பாவனையாளர் வெல்லவில்லை. அவருக்கு வழக்குப் போடக் காசும் இல்லை, யார் அனுப்பியது என்றும் தெரியாது. நம் கவனம் எல்லாம் இருக்க வேண்டியது இங்கேதான்.

2001 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. கேட்காத விளம்பர மின்னஞ்சல்களை இறக்குவதற்கான இணைப்புச் செலவாக மட்டும் உலகெங்கும் உள்ள பாவனையாளர்கள் வருடத்துக்கு 10 பில்லியன் யூரோ கட்டுகிறார்கள் என்று அது மதிப்பிட்டது. தொலைபேசி இணைப்பில் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டு இன்டர்நெட்டுக்குள் போன காலம் நினைவிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் தொலைபேசி பில்லில் ஏறும். இன்றைக்கு நிமிடத்துக்குப் பதிலாக டேட்டா. ஆளுக்கு ஆள் பார்த்தால் சில்லறைதான். யாரும் போய் முறையிடாத அளவுக்குச் சில்லறை. அதுதான் அந்த வியாபாரத்தின் பாதுகாப்பு.

அமெரிக்காவில் நுகர்வோர் விடயத்தைப் பார்க்கும் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவும் சோதனைகள் நடத்தியது. 2002 இல், இந்தச் செய்திகளின் அடியில் உங்கள் பெயரை நீக்க இங்கே அழுத்துங்கள் என்று போட்டிருக்கும் இணைப்புகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். 63 வீதமானவை வேலையே செய்யவில்லை. அடுத்த வருடம், தங்களுக்கு வந்து சேர்ந்த விளம்பர மின்னஞ்சல்களில் ஆயிரம் வரை எடுத்து ஆராய்ந்தார்கள். அனுப்பியவர் பெயரிலோ, தலைப்பிலோ, உள்ளடக்கத்திலோ பொய்க்கான அடையாளம் இருந்தவை 66 வீதம். ஆகவே இது நேர்மையான வியாபாரிகள் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடுகிற கதை அல்ல.

சட்டம் கொண்டு வருவதில் உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் எடுத்த முடிவு: முதலில் கேள், பிறகு அனுப்பு. ஏற்கெனவே வாங்கிய வாடிக்கையாளருக்கு மட்டும் சிறிய விலக்கு. அவுஸ்திரேலியா 2003 இல் நிறைவேற்றிய சட்டமும் அதே வழி. கனடா வருவதற்கு 2014 ஆனது, ஆனால் வந்தபோது இறுக்கமாகவே வந்தது. வாசலில் நின்று ஸலாம் சொல்லி, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகு நுழைகிற நமக்கு இந்த முறை புதிதாகத் தெரியாது.

அமெரிக்கா மற்றப் பக்கம் போனது: முதலில் அனுப்பு, வேண்டாம் என்றால் நிறுத்து. அந்தக் கதையில் ஒரு திகதி மிகவும் வேதனையானது. கலிபோர்னியா மாநிலம் 2003 இல் இறுக்கமான சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருந்தது. அனுமதி இல்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்பவே முடியாது. மீறினால் பெற்ற சாதாரண மனிதரே வழக்குப் போட்டு ஒரு செய்திக்கு 1,000 டொலர் வரை கேட்கலாம். பெக்ஸ் சட்டத்தின் தம்பி என்று சொல்லலாம். 2004 ஜனவரி 1 முதல் அமுல். விளம்பரத் துறை விழித்துக்கொண்டது. 2003 டிசம்பர் 16 இல் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் நாடு முழுவதற்குமான கேன் ஸ்பேம் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதுவும் அதே 2004 ஜனவரி 1 இல் அமுலுக்கு வந்து, மாநிலச் சட்டங்களின் பெரும்பகுதியைச் செல்லாமல் ஆக்கியது. கலிபோர்னியாச் சட்டம் பிறக்க வேண்டிய நாளிலேயே அடக்கம்.

கேன் ஸ்பேம் சட்டத்தில் நல்லதும் இருந்தது. பொய்யான அனுப்புநர் பெயரும் ஏமாற்றுத் தலைப்பும் குற்றம். உண்மையான தபால் முகவரி போட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஆனால் முதல் செய்தியை அனுப்ப அனுமதி கேட்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்ட நுகர்வோர் தானாக வழக்குப் போட முடியாது, அரசாங்கமோ இணைய நிறுவனமோதான் போடலாம். வேண்டாம் என்று சொல்லும் வேலை பெறுகிறவருடையதாக ஆனது. ஆயிரம் கொம்பனி இருந்தால் ஆயிரம் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கேன் ஸ்பேம் என்பதை ‘தாராளமாக ஸ்பேம் பண்ணலாம்’ என்று விமர்சகர்கள் வாசித்ததில் தப்பில்லை. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே அப்படி ஒரு பொருள் வரும்.

விளம்பரத் தொலைபேசி அழைப்புக்கு, என்னை அழைக்காதே என்று பதிவு செய்யும் தேசியப் பட்டியல் அமெரிக்காவில் 2003 இல் வந்து நன்றாகவே வேலை செய்தது. மின்னஞ்சலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். வர்த்தக ஆணைக்குழு 2004 ஜூனில் முடியாது என்று அறிக்கை கொடுத்தது. அனுப்புகிறவர் யார் என்பதையே உறுதிசெய்ய முடியாத இடத்தில், அந்தப் பட்டியல் கள்ளர்களின் கையில் உயிருள்ள முகவரிகளின் தொகுப்பாகப் போய்ச் சேரும் என்பது காரணம். சரியான காரணம்தான்.

அதே 2004 ஜனவரியில் பில் கேட்ஸ் டாவோஸ் மாநாட்டில், இரண்டு வருடத்தில் ஸ்பேம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். அவர் மனதில் இருந்த வழிகளில் ஒன்று முத்திரைதான். ஏதோ ஒரு வகையில் அனுப்புகிறவர் செலவழிக்க வேண்டும். இந்த யோசனை பழையது. 1992 இல் சிந்தியா ட்வோர்க், மோனி நாவோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒவ்வொரு செய்திக்கும் அனுப்புகிறவரின் கணினி ஒரு சிறு கணக்குப் புதிரை விடுவிக்க வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார்கள். காசுக்குப் பதிலாகக் கணினியின் உழைப்பு முத்திரை. அது மின்னஞ்சலில் நிலைக்கவில்லை. ஆனால் அதே வகை யோசனைதான் பிறகு பிட்கொயினின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்தது. மின்னஞ்சலில் ஏன் சரிவரவில்லை என்றால், அந்த நேரம் ஸ்பேம் அனுப்பியது அனுப்புகிறவரின் கணினி அல்ல. வைரஸ் புகுந்த, ஒன்றும் அறியாத வீட்டுக் கணினிகள். முத்திரை வைத்திருந்தாலும் அந்தச் செலவும் வீட்டுக்காரரின் தலையில்தான் விழுந்திருக்கும்.

அப்படியென்றால் இதில் எவ்வளவுதான் சம்பாதிக்கிறார்கள்? 2008 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டோர்ம் என்ற வைரஸ் வலையமைப்புக்குள் நுழைந்து எண்ணிப் பார்த்தார்கள். மருந்து விளம்பரம் ஒன்று. 26 நாட்களில் அனுப்பப்பட்டவை ஏறக்குறைய 35 கோடி மின்னஞ்சல்கள். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். மொத்த விற்பனை மூவாயிரம் டொலருக்கும் குறைவு. 28 பேரைப் பிடிக்க 35 கோடித் தடவை கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

அதே வருடம் நவம்பர் 11 இல், மெக்கோலோ என்ற கலிபோர்னியா நிறுவனம் ஒன்றின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பெரிய ஸ்பேம் வலையமைப்புகளுக்குக் கட்டளை போய்க்கொண்டிருந்தது அங்கிருந்த கணினிகளிலிருந்து. உலகத்தின் ஸ்பேம் அளவு ஒரே நாளில் பாதிக்கும் கீழே விழுந்தது. துண்டித்தது பொலிஸ் அல்ல. வொஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ், நிறுவனத்துக்கு இணைப்புக் கொடுத்தவர்களிடம் ஆதாரங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார், அவர்கள் வயரைக் கழற்றினார்கள். சில மாதங்களில் அளவு பழையபடி ஏறிவிட்டது என்பது வேறு கதை.

2012 இல் ஜஸ்டின் ராவோ, டேவிட் ரைலி என்ற இரண்டு பொருளியலாளர்கள் கணக்கை மொத்தமாகப் போட்டார்கள். ஸ்பேமால் அமெரிக்க மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் வருடத்துக்கு ஏறக்குறைய 20 பில்லியன் டொலர் செலவு. உலகம் முழுவதும் ஸ்பேம்காரர்கள் எடுக்கும் வருமானம் சுமார் 200 மில்லியன் டொலர். அவர்கள் ஒரு டொலர் எடுக்க மற்றவர்கள் நூறு டொலர் இழக்கிறார்கள். கார்த் திருட்டில் இந்த விகிதம் 7 முதல் 30 வரைதான் என்றும் அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். கள்ளன் காரையாவது எடுத்துக்கொண்டு போகிறான், ஒருவருக்காவது பயன்.

அந்த 20 பில்லியனில் பெரும்பகுதி நேரமும், வடிகட்டும் மென்பொருளும், சேர்வர்களும். 2002 இல் போல் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சொற்களின் நிகழ்தகவைப் பார்த்துப் பிரிக்கும் வடிகட்டிகள் பரவலாக வந்தன. நமது பெட்டி ஓரளவு சுத்தமாக இருப்பது அதனால்தான். அதற்கும் ஒரு விலை உண்டு, அது எந்தப் பில்லிலும் வராது. வடிகட்டி சில நேரம் நல்லதையும் குப்பைக்குள் தள்ளிவிடும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பல்கலைக்கழகத்தின் பதில், புலமைப்பரிசில் கடிதம் எல்லாம் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்து காலாவதியாகலாம். விண்ணப்பம் போட்டிருக்கும் பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு தடவையாவது அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் ஸ்பேமுக்குள் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

2024 பெப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் புதிய விதி கொண்டு வந்தன. மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் அடையாளத்தைத் தொழில்நுட்ப ரீதியாக நிரூபிக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி கொடுக்க வேண்டும், விலகக் கேட்டால் இரண்டு நாளில் நிறுத்த வேண்டும். நாளொன்றுக்கு 5,000 செய்திக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் இதைச் செய்யாவிட்டால் அவர்களின் செய்தி உள்ளேயே வராது. அமெரிக்கச் சட்டம் 10 வேலை நாள் கொடுத்த இடத்தில் இரண்டு கொம்பனிகள் இரண்டு நாள் கொடுத்தன. நமக்கு நன்மைதான். ஆனால் உலகத்தின் தபால்காரர் வேலையைச் செய்வதும், எது குப்பை என்று தீர்மானிப்பதும் விளம்பரத்தில் பிழைக்கிற கொம்பனிகளே என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது ஐரோப்பாவின் பக்கம் நிற்கிறது. தபாலோ, தொலைபேசியோ, மின்னஞ்சலோ, எஸ்எம்எஸ்ஸோ எதுவானாலும், உங்கள் தகவலை வைத்து அப்படியான செய்தி அனுப்ப உங்கள் சம்மதம் வேண்டும். சம்மதம் கொடுத்த பிறகும், எப்படி விலகுவது என்பதை ஒவ்வொரு செய்தியிலும் சொல்ல வேண்டும், விலகுவதற்குக் காசு எடுக்கக் கூடாது. கடையில் சாமான் வாங்கும்போது போன் நம்பர் கேட்டால், எதற்கு என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் அமுலுக்கு வரவில்லை. செய்திகள் பற்றிய இந்தப் பகுதிக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் அவகாசம் கொடுத்தே எழுதினார்கள். அதற்குப் பிறகும் திகதிகள் தள்ளிப்போய்க்கொண்டே வந்திருக்கின்றன.